வலையில் ஓட்டை

— அந்த டீசல் கேனைக் கீழ வை அண்ணாத்தே. என் நாயி மேல ஒரு சொட்டு பட்டுச்சு, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்.

— இன்னா ஹில்டா, மெரட்டுற? போட்டுல எந்தப் பூச்சி வந்தாலும் இதைத்தான் ஊத்துறோம். ஊத்துனா உண்ணி பொத்துனு வுழும்.

— போட்டு ஃபைபரு, இவன் தோலு. வெந்துபூடும். அப்பறம் நக்குவான், அதுவும் வவுத்துக்குள்ள போவும்.

— போவட்டும். அம்மா போனதும் வூட்டைப் பங்கு போட்டு நடுவுல வலை கட்டுனோமா இல்லியா? உன் நாயி சூறை ஏன் அதைக் கடிச்சு ஓட்டை போட்டுகினு என் பக்கம் நுழையுறான்? உண்ணியைக் கொட்டி எடத்தையே கலீஜ் பண்றான். தோ பாரு, சாயந்தரம் இவனை சாக்குல கட்டி எண்ணூர் முகத்துவாரம் தாண்டி வுட்டுட்டு வரப் போறேன்.

— வுடு, பாக்கலாம். எனக்குன்னு கீறது இவன் ஒருத்தன்தான்.

— புருசனை வுட்டுட்டு வந்தவளுக்கு வேற யாரு இருப்பா?

— அப்பறமா நாக்கைப் புடுங்கிக்கிற மாரி கேளு. இப்ப வெளிச்சத்தை மறைக்காத, காதுக்குள்ள பாக்கணும்.

— பீடி கீது. சூடு வெச்சா தானா வுட்டுரும்.

— வுடும். அதுக்கு முன்னாடி வவுத்துல கீறதை எல்லாம் கடிச்ச எடத்துலயே கக்கும், கிருமி நேரா ரத்தத்துல கலக்கும். உண்ணியோட ஒடம்பைப் புடிச்சு இழுத்தாலும் அதே கதிதான். தோ, இந்த முள்வாங்கி நுனியால தோலோட தோலா, அது வாய் கீற எடத்துல புடிக்கணும். திருகக் கூடாது, வெடுக்குனு இழுக்கக் கூடாது. நேரா, மெதுவா மேல... வந்துச்சு பாத்தியா, வாயோட முழுசா!

— குடு இங்க, நசுக்கிடுறேன்.

— வெறுங்கையால தொடாத பாஸ்கலு! வெடிச்சா அந்த ரத்தம் உனக்கும் வம்பு. நான் எதுக்கு கையில கவரு மாட்டிகினு கீறேன்? இந்த டப்பாவுல ஸ்பிரிட்டு கீது, அதுல போட்டாத்தான் சாவும். கடிச்ச எடத்துல மருந்து வெக்கணும், அப்பறம் கையை சோப்பு போட்டுக் கழுவணும்.

— பெரிய டாக்டரம்மா. அதோட தீந்துடுமா?

— தீராது. வவுறு ரொம்புனா பொட்டை உண்ணி கீழ எறங்கி ஒளிஞ்சுக்கும். செவுத்து விரிசல், கட்டில் சந்து, மடிச்சுப் போட்ட பழைய வலை, எங்கியாச்சும் ஆயிரக்கணக்குல முட்டை வுடும். அதைத் தொலைக்காம இவனை மட்டும் பாத்தா திரும்ப ஏறும். என் பக்கம் ஒரு இண்டு வுடாம தேடிட்டேன். ஒண்ணு கூட இல்ல. உன் பக்கம்தான் கீது.

— என் பக்கம் வந்தே, காலை ஒடிப்பேன்.

— ஒடி, அதையும்தான் பாத்துடலாம்... ஐயோ, சூறை! இன்னாடா இது? ஈறு பஞ்சு மாரி வெளுத்துக் கீது!

— தெரியும்.

— உண்ணிக் காய்ச்சல் அண்ணாத்தே. இன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணணும். சோறு வெச்ச கிண்ணம் டெய்லி காலியாத்தானே இருந்துச்சு...

— காக்கா துன்னுச்சு. இவன் மத்தி மீனைக் குடுத்தாக்கூட மோந்து பாக்கல. ராவெல்லாம் ஒடம்பு அனலாக் கொதிக்குது.

— உனக்கு எப்டித் தெரியும்?

— தள்ளு, நான் தூக்குறேன். வேப்பேரி ஆஸ்பத்திரிக்கு என் வண்டியிலயே போயிடலாம், நீ பின்னாடி ஏறி இவனை மடியில வெச்சுக்கோ.

— எப்டித் தெரியும்னு கேட்டேன்.

— அம்மா போன ராத்திரிலேர்ந்து என் கட்டில்லதான் தூங்குறான் ஹில்டா. அந்த வலையை இவன் கடிக்கல, நான்தான் அறுத்து வுட்டேன்.