பட்டியலில் இல்லாத சாலை

— அஞ்சரைக்கு எழுந்தேன். கெட்டிலைப் போட்டேன். நாய்க்குக் கங்காரு கறி வெச்சேன். ரெண்டு டோஸ்ட் சுட்டேன், ஒண்ணைத் தின்னேன். காரை எடுத்தேன், வந்துட்டேன். போதுமா நோலா?

— வயித்துக்கு ஏதாச்சும் போட்டியான்னுதான் கண்ணு கேட்டேன். ஒப்பிக்கச் சொல்லல.

— பத்து மணிக்குக் கவுன்சில் கூட்டம். அடுத்த வருஷ பட்ஜெட் இன்னைக்கு நிறைவேறணும். மண் ரோட்டைச் சமப்படுத்துற கிரேடரை அப்படியே விட்டுட்டு நீங்க ஆபீசுக்கு எதுக்கு வந்தீங்க?

— உன் மேஜை மேல கிடக்குற அந்தத் தாளுக்காகத்தான். நிதி அதிகாரின்னு இன்னும் கையெழுத்துப் போடலியே?

— போடல.

— உங்க ரோட்டை டி வகையிலிருந்து பி-க்கு ஏத்துறாங்களாம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நான் வந்து சமப்படுத்துற ரோட்டை இனிமே வருஷத்துக்கு மூணு தடவை சமப்படுத்தணுமாம். உன் பொண்டாட்டி நினைவா. டெஸ்ஸாவுக்கு நாம இதாவது செய்யணும்னு தலைவர் பப்ல சொல்லிக்கிட்டிருந்தார்.

— எதைக் குறைச்சுச் செய்யறதுன்னு சொன்னாரா?

— அதைச் சொல்லல.

— ரெண்டாயிரம் கிலோமீட்டர் மண் ரோடு. வரி கட்டறது தொள்ளாயிரம் வீடு. குப்பை, நூலகம், நீச்சல் குளம் எல்லாம் போக, அந்த வரியில ரோட்டுக்குக் கால்வாசிகூட மிஞ்சாது. மீதி அரசாங்கம் கொடுக்கறது, அது ஏறவே ஏறாது. எங்க ரோட்டுக்கு மூணு தடவைன்னா வாட்டில் கிரீக் ரோட்டுக்கு ஒண்ணும் கிடையாது. எங்க ரோட்டுல ஒரே வீடு. அங்க ஸ்கூல் பஸ் போகுது.

— அப்ப போடாத.

— போடலைன்னா அவளை ரெண்டு தடவை கைவிட்டவன் நான். ரோட்டையெல்லாம் ஏ, பி, சி, டின்னு பிரிச்சதே நான்தானே. அந்த வளைவை மட்டும் ஒரு தடவை சரி பண்ணச் சொல்லேன்னு டிசம்பர்ல கேட்டா. என் ரோட்டை நானே இந்த வருஷ வேலை லிஸ்ட்ல சேர்க்க முடியாதுன்னேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல.

— நான் ஒண்ணு சொல்றேன், நடுவுல பேசாம கேளு. ரோடு மோசமா இருந்ததால அவ சாகல.

— போலீஸ் அப்படித்தானே எழுதியிருக்காங்க.

— நான் சொன்னதை எழுதினாங்க. முந்தின நாள் சாயங்காலம் அந்த வளைவை நான் சமப்படுத்தினேன். யாரும் சொல்லல, வேலைச் சீட்டும் இல்ல. அந்தப் பொண்ணு தினமும் அதுல கார்ல குலுங்கிக்கிட்டே போகுதேன்னு பிளேடை இறக்கிட்டேன். தண்ணி லாரி லிஸ்ட்ல இருக்கற ரோட்டுக்குத்தான் வரும். தண்ணி அடிக்காம சரளையை இறுக்க முடியல. வளைவுக்கு அந்தாண்ட நடு ரோட்டுல நீளமா வரப்பு மாதிரி ஒதுக்கிட்டு, காலையில வந்து பரப்பிக்கலாம்னு போயிட்டேன். எச்சரிக்கைப் பலகை வெக்கல. பலகை எடுத்தா டிப்போ நோட்டுல எழுதணும், சீட்டில்லாத வேலைன்னு தெரிஞ்சுடும்.

— காலையில?

— ஏழு மணிக்கு வந்தேன். கார் அந்த வரப்புல ஏறிக் கவுந்து கிடந்துச்சு. அவளை ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டுப் போனப்புறம், போலீஸ் வர்றதுக்குள்ள சரளையைப் பரப்பிட்டேன். இப்பத்தான் சமப்படுத்தினேன், அதுவரைக்கும் ரோடு மேடு பள்ளமாத்தான் கிடந்துச்சுன்னு சொன்னேன். எல்லாரும் நம்பினாங்க. நீ உன்னையே தின்னுக்கிட்டிருந்தே, நான் பாத்துக்கிட்டிருந்தேன்.

— வரப்பு எனக்குத் தெரியாது. முந்தின நாளே சமப்படுத்தியாச்சுன்னு தெரியும்.

— எப்படி? நீ அன்னைக்குச் சிட்டியிலதானே இருந்தே?

— காலையில ஆறே முக்காலுக்கு அவ கூப்பிட்டா. வண்டியை எடுத்துக்கிட்டு கேட் வரைக்கும் வந்திருந்தா. எங்களுக்கு அங்கதான் சிக்னல் கிடைக்கும். வளைவும் அங்கிருந்து தெரியும்.

— தெரிஞ்சும் இந்த ரெண்டு மாசமா நீ வாயே திறக்கலியா?

— நீங்களும்தான் திறக்கல.

— சரி. அந்தத் தாளைத் தூரப் போடு. நான் சொன்னதை அப்படியே எழுது, கூட்டத்துல படிக்கட்டும். கிரேடரைப் புடுங்கிக்குவாங்க, கேஸ் வரும், வரட்டும். ஸ்கூல் பஸ் ரோட்டை விட்டுடக் கூடாது.

— எழுதறேன். என் பேரையும் சேர்த்து.

— நீ என்னடா பண்ணினே?

— லிஸ்ட்ல இல்லாத ரோட்டுல வேலை நடந்தா தண்ணி வராது, பலகை இருக்காது. அது இந்த ஊர்ல என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன் யாரு? மெதுவாப் போன்னு நான் சொல்லல. அவ ஒண்ணு கேட்டா. ஆமான்னுட்டேன்.

— பத்திரமா வீடு வந்து சேருன்னு அவ கடைசியா சொன்னதா அடக்கத்தப்ப நீதானே சொன்னே?

— அது நானாச் சொன்னது.

— அப்ப அவ என்னதான் சொன்னா கண்ணு?

— "ரோடு வழவழன்னு இருக்கு ஆங்கஸ். எனக்காக உன் லிஸ்ட்டையே மாத்திட்டியா?"