இடது பக்கத்துச் ‘சரி’

— சிரிச்சாரா? உன்கிட்டயா?

— ஆமா அண்ணி. மழை வர்ற மாதிரி இருக்கு, ஜன்னல மூடிடும்மான்னாரு. நான் பாட்டுக்குக் கம்ப்யூட்டர் திரையில திறந்திருந்த ஜன்னல மூடிட்டேன். சாரல் அடிச்சு கீபோர்டெல்லாம் நனைஞ்சுது. விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் அவரே எழுந்து போய் நிஜ ஜன்னலச் சாத்திட்டு, குடையை எடுத்துக்கிட்டுப் படியிறங்கினாரு. அவ்வளவுதான். கீழ வாட்ச்மேன்தான் ஓடிப் போய்த் தூக்கியிருக்காரு, அதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

— வீட்டுல அவரு அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. சாப்பாடு எப்படின்னு கேட்டா ஒரு தலையாட்டல். பேச்சு, சிரிப்பு எல்லாத்தையும் இந்த ஆபீஸ்லயே கொட்டித் தீர்த்துட்டு வந்திருக்காரு.

— அப்படியெல்லாம் இல்ல அண்ணி.

— கூட வேலை செஞ்சவ அண்ணின்னுட்டா ஆச்சா? உங்க அண்ணன் என்ன நினைச்சாரு, எதுக்குச் சிரிச்சாரு, எல்லாம் உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது துவைக்கப் போட்ட சட்டைதான். சொல்லு, அப்படி என்னதான் கட்டினீங்க ரெண்டு பேரும்?

— ஜன்னல், பொத்தான், எழுதற கட்டம், இதையெல்லாம் திரையில வரவைக்கிற ஒரு லைப்ரரி அண்ணி, புஸ்தகம் இல்ல, மத்த புரோகிராமருங்க எடுத்துப் பயன்படுத்தற தொகுப்பு. உள்ள நிறைய ஃபங்ஷன், அதாவது தயாரா எழுதி வெச்ச கட்டளைங்க இருக்கும். ஒருத்தர் ஒரு வரி எழுதிக் கூப்பிட்டா ஜன்னல் வந்து நிக்கும். இன்னொரு வரியில கூப்பிட்டா அதுக்குள்ள பொத்தான். ஆஸ்பத்திரி கவுன்ட்டர், பள்ளிக்கூட ஆபீஸ்னு எங்கெங்கயோ ஓடுது.

— கூப்பிட்டா உடனே வந்துடுமா?

— உடனே.

— குடுத்து வெச்ச கூட்டம். நான் கூப்பிட்டா மூணாவது தடவைதான் மனுஷன் திரும்புவாரு.

— உங்களுக்கு என் மேல கோவம். எனக்கு மட்டும் இல்லையா? திரைக்கு எந்த நிறத்தக் காட்டினாலும் ‘வீட்டுல காட்டிட்டுச் சொல்றேன்’பாரு. நான் மண்டைய உடைச்சுத் தேடிப் பிடிச்ச நிறத்த நீங்க ‘அழுக்கா இருக்கு’ன்னு ஒரே வார்த்தையில தள்ளியிருக்கீங்க. அப்ப நான் இங்க எதுக்கு?

— சுவத்துக்குப் பூசக் கேக்கறாருன்னு நெனச்சேன். அழுக்காத்தான் இருந்துச்சு.

— சரி, இதப் பாருங்க. நாளைக்கு வெளிய போற புதுப் பதிப்பு. இந்தச் ‘சரி’ங்கற பொத்தான் இத்தன வருஷமா இடது ஓரத்துல கிடந்துச்சு. வலது மூலைக்குக் கொண்டுபோகணும்னு நான் அவர்கிட்ட போடாத சண்டையில்ல. நேத்துதான் மாத்தினேன்.

— அவரு இல்லேன்னதும்.

— ஆமா. அவரு இல்லேன்னதும்.

— ஏன் மாட்டேன்னாராம்?

— காரணமே சொன்னதில்ல.

— வலது பக்கம், கீழ் மூலை. இதுதானே?

— இதுதான். ஏன் அண்ணி ஒரு மாதிரி பாக்கறீங்க?

— எங்க வீட்டு லேப்டாப்புல அந்த மூலை தெரியாது. மை கொட்டின மாதிரி கறுப்பா இருக்கும்.

— தானா உடைஞ்சுதா?

— நான் உடைச்சேன். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா உன்கூடப் போன்ல பேசிக்கிட்டே தட்டிட்டிருந்தாரு. புடுங்கித் தரையில போட்டேன்.

— என்னாலயா?

— பின்ன யாரால? அப்புறம் மனசு கேக்காம, புதுசு வாங்கிக்கோங்கன்னேன். ‘தெரியற இடம் போதும்’னுட்டாரு. ஏம்மா, அப்ப அந்தப் பொத்தான இடது பக்கமே வெச்சிருந்தது அதுக்காகவா? பேர் தெரியாத ஊரு ஆஸ்பத்திரியிலகூடவா?

— அதுக்காகத்தான் இருக்கும் அண்ணி. வேற என்ன காரணம்?

— பாத்தியா. உன்கிட்டகூடச் சொல்லல.

— சொல்லல.

— பழையபடியே வெச்சிடு. நான் கேட்டேன்னு வேண்டாம், அவரு கேட்டார்னு வெச்சுக்கோ. வர்றேன். மேஜை மேல இருக்கற அவரு காபி கப்ப நான் எடுத்துக்கறேன்.

— படி ஈரமா இருக்கு, பாத்துப் போங்க அண்ணி.

— என்னம்மா, போயிட்டாங்களா?

— போயிட்டாங்க மேனேஜர் சார். தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டுச்சா?

— மேனேஜர்னா காதக் கழட்டியா வெக்க முடியும்? ஏம்மா, அந்தப் பொத்தான் முதல் பதிப்புல நான் வெச்சதாச்சே. அப்ப அவருக்குக் கல்யாணமே ஆகல. லேப்டாப்ப எந்த மகராசி வந்து உடைச்சா?

— தெரியும் சார்.

— ஏன் மாத்தக் கூடாதுன்னு உன்கிட்ட சொல்லியிருக்காரே. நானே கேட்டிருக்கேன்.

— சொன்னாரு. ‘வேண்டாம்மா, பழகின கை வெறும் இடத்துல போய்த் தட்டும்’னு.

— அத ஏன் அவங்ககிட்ட மறைச்சே?

— முதல்ல, குடுக்க மனசு வரல சார். அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. அப்புறம், தனக்காகத்தான்னு நம்பின அவங்க முகத்தப் பார்த்தேன்.

— அது போகட்டும். பொத்தான்?

— அவங்க படியிறங்கும்போதே திருப்பிட்டேன். இடது பக்கம்தான் இருக்கு சார்.