கோமாரியிலிருந்து வந்த தபாலட்டைகள்

எனக்குத் தபாலட்டைகளைப் பிடிக்கும். வழியில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறார்கள். அதனால் அதில் பொய் இருக்காது என்று நம்பியிருந்தேன்.

1979இல் என் முதல் கதைத் தொகுதியை நானே கல்முனையில் அச்சடித்தேன். வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் வடை தின்றார்கள், எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், புத்தகத்தை விரித்துப் பார்க்கவில்லை. ஆகவே பொத்துவில் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த என் கூட்டாளி ஜெமீலிடம் புத்தகப் பொதிகளைக் கொடுத்தேன். வழியூர்களில் விற்றுத் தருவதாகச் சொன்னான். வாசித்தவர்கள் ஒரு தபாலட்டை போடுங்கள் என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தேன்.

அட்டைகள் வந்தன. பாலமுனையிலிருந்து காலிதீன், திருக்கோவிலிலிருந்து வேலப்போடி, கோமாரியிலிருந்து சிவக்கொழுந்து ரீச்சர், இன்னும் நாற்பது பேர். என் கதைப் பெண்கள் சாகிறார்களே என்று ரீச்சர் மனம் நொந்து எழுதியதற்காக, சாகவேண்டிய ஒரு பெண்ணை அடுத்த புத்தகத்தில் பிழைக்க வைத்தேன். ஏழு வருடத்தில் நான்கு புத்தகம் போட்டேன்.

1986 மாரியில் ஜெமீலுக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனேன். அவன் மனைவி றாஹிலா என்னை உட்காரவைக்க நெல்மூட்டைப் பக்கம் கிடந்த சாக்கை இழுத்தாள். அதற்குக் கீழே என் புத்தகங்கள், கட்டு அவிழ்க்காமல். அவற்றின்மேல், எழுதாத வெற்றுத் தபாலட்டைகள்.

“உங்கட புத்தகந்தான் காக்கா. நனையாமப் பாத்துக்க எண்டு சொல்லியிரிக்கார்” என்றாள். என்னை அண்ணனாக நினைத்துக் காக்கா என்பவள், எழுத வாசிக்கத் தெரியாதவள். மறைக்கவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

ஜெமீல் பாயில் கிடந்தபடியே சொன்னான்: “ஒருத்தரும் வாங்கல்ல காக்கா. நீங்க எழுதுறத உட்டுருவீங்க எண்டு பயந்துதான், கையெழுத்த மாத்தி மாத்தி ஊர் ஊரா நானே போட்டன்.”

பிளேன்டியைக் குடித்துவிட்டு, அவன் சுகத்துக்கு துஆக் கேட்டுவிட்டு வந்தேன். என்னை இப்படி யாரும் ஏமாற்றியதில்லை. எனக்கு வேண்டிய நாற்பத்து மூன்று பேர் ஒரே நாளில் மௌத்தாகி மண்ணுக்குள் போனார்கள்.

பிறகு இராணுவ முகாமுக்கு மூன்று புகார்ப் பெட்டிசம் எழுதினேன். காலிதீன், வேலப்போடி, சிவக்கொழுந்து என்று பெயர் போட்டு, அந்தந்த ஊருக்கே போய்த் தபாலில் சேர்த்தேன். கொண்டக்டர் ஜெமீல் பஸ்ஸில் பொதிகள் கொண்டுபோய் ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்குக் கொடுக்கிறான் என்பதே மூன்றிலும் விஷயம். பொதி கொண்டுபோனது பொய்யில்லை. அந்த மூவரும் அவன் உண்டாக்கிய ஆட்கள். நான் அவர்களைக் கொஞ்சம் கதைக்க விட்டேன், அவ்வளவுதான்.

ஒரு கிழமைக்குள் ஜீப் வந்து பஸ்ஸை மறித்தது. ஜெமீல் வீடு திரும்பவில்லை.

றாஹிலா என்னிடம்தான் வந்தாள். “அவர உடச்சொல்லி ஒரு பெட்டிசம் எழுதித் தாங்க காக்கா. உங்கட எழுத்த வாசிக்க ஊரெல்லாம் ஆள் இரிக்கி எண்டு அவர் சொல்லுவார்.”

எழுதிக் கொடுத்தேன். மனம் வைத்து எழுதினேன். என் எழுத்திலேயே சிறந்தது அதுதான். அவள் பெருவிரல் அடையாளம் வைத்தாள். முகாம் வாசலில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்று வருடமாகிறது, ஒரு பதிலும் இல்லை. நல்ல எழுத்தை இந்தப் பக்கத்தில் யாரும் வாசிப்பதில்லை.