நீலக் கோட்டின் உள்துணி

இரவு பதினொன்றே முக்கால். மேற்கு வர்ஜீனியா மலைச்சாலை. பல மைலுக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. லோனி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வருகிறான். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டிருக்கிறான். காரணம், பின்சீட்டில் கிடக்கும் மூட்டை. கிழிந்த போர்வையில் சுற்றிய ஒரு பழைய கோட்டு...

மக்கிய துணியின் நாற்றம் அவனுக்குப் பழக்கம்தான். இது வேறு. வயிற்றுப்போக்கில் நாள்கணக்காகக் கிடந்தவனின் படுக்கையை வெயிலில் போட்டால் வருமே, அது.

அப்போதுதான் அந்தச் சத்தம். பின்சீட்டிலிருந்து.

டிக்.

கொஞ்சம் பொறுத்து, மறுபடி... டிக்.

காய்ந்த எள்ளை நகத்தில் வைத்து நசுக்கினால் கேட்குமே, அவ்வளவு சின்னச் சத்தம். பெல்ட்டின் கொக்கி ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

லோனி வேறு யாருமில்லை, நம் டெல்பர்ட்டின் தங்கை டார்லீனைக் கட்டியவன். டெல்பர்ட்டும் ஒரு காலத்தில் இதே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தவன்தான். இப்போது வருவதில்லை. கட்டையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், புகை கண்ணில் படுகிறது.

லோனிக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. கார்லண்டின் அணியில் ஓர் இடம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போரை அந்தக் காலத்தில் நடந்த மாதிரியே நடித்துக் காட்டுகிறவர்கள் பலர் உண்டு. கார்லண்டின் ஆட்கள் அவர்களிலும் ஒரு படி மேல். கடையில் வாங்கிய உடுப்போடு வந்தவனைப் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். பொத்தான் ஓட்டையைக் கையால் தைத்திருக்க வேண்டும். கார்லண்ட் கோட்டைத் திருப்பிப் போட்டு, தையலை விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார்.

அந்த வசந்தத்தில் லோனியின் கோட்டையும் முகர்ந்தார்.

"தையல் பரவால்ல. சாயம் பரவால்ல. ஆனா சோப்பு வாசனை வருதேடா! நீ சண்டைக்கு வந்தியா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்தியா?"

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ராய்ஸ் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான். "எல்லாம் இருக்கு கேப்டன். பேன் மட்டும்தான் இல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். லோனியும் சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

"அக்டோபர்ல நடைப்பயணம் இருக்கு" என்றார் கார்லண்ட். "அதுக்குள்ள இதைச் சிப்பாய் கோட்டா மாத்திக்கிட்டு வா. இல்லன்னா எப்பவும் போல கயித்துக்கு அந்தப் பக்கம், வேடிக்கை பாக்குறவங்களோட நில்லு."

லோனி மூன்று வருடமாகக் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தான். அன்றிலிருந்து வெறி பிடித்தவனாக ஆனான். தாடியிலும் கோட்டின் கைவிளிம்பிலும் பன்றிக் கொழுப்பைத் தேய்த்தான். கோட்டோடு நாயைக் கட்டிப் பிடித்துத் தூங்கினான். பித்தளைப் பொத்தான்களைக் கழற்றி மூத்திரத்தில் ஊறப்போட்டான்.

"ஊறுகாய் ஜாடியில மூத்திரத்தைப் புடிச்சு வெச்சிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?" என்றாள் டார்லீன்.

"பொத்தான் கறுக்கணும்ல..."

"நல்லா கறுக்கட்டும். இனிமே கராஜ்லயே படுத்துக்க. பொத்தானையும் கட்டிக்கிட்டுப் படு."

ஜூன் மாதம், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் இறந்துபோக, வீட்டுச் சாமான்களை விற்றார்கள். பரணில் இருந்த பெட்டியின் அடியில் அந்த நீலக் கோட்டு. அன்றிரவு அவன் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்தது இதைத்தான். நகல் அல்ல. அந்தப் போரில் ஒருவன் உடம்பில் போட்டிருந்தது. வெளிக்கம்பளியைப் பூச்சி அரித்திருந்தது. உள்ளே தைத்த துணி மட்டும் முழுசாக இருந்தது. முதுகுப் பக்கம் இடுப்புக்குக் கீழே பெரிய பழுப்புக் கறை, அட்டை மாதிரி விறைத்து.

நம் கூட்டத்தில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அசல் உடுப்பைப் பார்க்கலாம், அளவெடுக்கலாம், அதைப் போலத் தைத்துக்கொள்ளலாம். போட்டுக்கொள்ளக் கூடாது. லோனி தனக்குள் ஒரு நியாயம் கண்டுபிடித்தான். 'நான் என்ன கோட்டையா போடப் போகிறேன்? உள்துணியை மட்டும்தானே எடுக்கிறேன்...'

கராஜில் உட்கார்ந்து கத்தரித்தான். எத்தனையோ தலைமுறைக்கு முன் காய்ந்த கறை. உதிர்ந்து பொடியாகத்தான் வேண்டும். கத்தரிக்கோல் பிசுபிசுத்தது. துடைத்துவிட்டுத் தொடர்ந்தான். துணியைத் தன் கோட்டுக்குள் வைத்துத் தைத்து, போட்டுப் பார்த்தான்.

முதுகில் ஈரம். வெதுவெதுப்பான ஈரம்.

கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தான். ஆனால் தூக்கிப் போட மனம் வரவில்லை. சோப்பு வாசனை இனி வராது என்று மட்டும் தெரிந்தது. தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். முகாமுக்குப் புறப்படும்வரை அதைத் தொடவே இல்லை. இரவில் பெட்டிக்குள் சத்தம் கேட்கும். டிக்... டிக்... தகரம் குளிரில் சுருங்குகிறது என்று சொல்லிக்கொண்டான். ஜூலையில் என்ன குளிர்?

அக்டோபர், வெள்ளிக்கிழமை இரவு, முகாம். கார்லண்ட் கோட்டைத் திருப்பினார். முகர்ந்தார். முகம் சுருங்கியது... பிறகு மெல்ல மலர்ந்தது.

"இதுக்குப் பேருடா கோட்டு!"

தையல் ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே போனவர் சட்டென்று கையை இழுத்தார். விரலில் ஏதோ ஊர்ந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார்கள். தையல் மடிப்பு முழுக்க, அரிசி கொட்டினாற்போல, கொழுத்த சாம்பல் நிறச் சீலைப்பேன்.

"அடப்பாவி, பேனைக்கூட விட்டு வெக்கலையே இவன்!" ஒரே சிரிப்பு.

கார்லண்ட் ஒன்றை எடுத்து இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்கினார்.

டிக்.

லோனி காரிலும் பெட்டியிலும் கேட்டது இதைத்தான். அந்தச் சத்தம்.

கார்லண்டின் நகத்தில் ரத்தம். பளிச்சென்று சிவப்பு. ராய்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "மனுஷ ரத்தம் குடிக்காம இது ஒரு வாரம்கூடத் தாங்காது கேப்டன். நேத்துகூட யாரோ இதைப் போட்டிருக்கான்." லோனியின் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். மார்பிலும் முதுகிலும் ஒரு கடி இல்லை.

"அதெல்லாம் விடு" என்றார் கார்லண்ட். "லோனி, நாளைக்கு நீ முன்வரிசையில நடக்குற."

மூன்று வருடம் காத்திருந்த வார்த்தை. லோனி தலையாட்டினான். கோட்டைக் கூடாரக் கயிற்றில் போட்டான். ஒன்றுக்குப் போவதுபோல இருட்டில் நடந்து, காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். தோல் எரியும்வரை தேய்த்துக் குளித்தான். டார்லீன் கட்டிலில் இடம் விட்டாள்.

மறுநாள் இரவு. இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். டார்லீனுக்குப் போன். கார்லண்ட்.

"பயப்படாதம்மா. உன் வீட்டுக்காரன் இன்னிக்கு எங்க எல்லாரையும் அசத்திட்டான். தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம, மலை முழுக்க நடந்தான். அச்சு அசல் சிப்பாய்மா! ஆனா வயிறு கெட்டுப்போச்சு. வழி நெடுகப் புதருக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தான்... ரத்தமாப் போகுது. நிக்க முடியல. ராய்ஸ் வண்டியில ஏத்தி அனுப்பியிருக்கேன். இன்னும் வந்து சேரலையா?"

டார்லீன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள். லோனி கரண்டியோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முற்றத்தில் வண்டி விளக்கு திரும்பியது. கதவு திறந்து மூடும் ஓசை. அதற்குள் நாற்றம் வீட்டுக்குள் வந்துவிட்டது. படியில் காலை இழுத்து இழுத்து யாரோ ஏறுவது கேட்டது. ராய்ஸின் குரல்:

"டார்லீன்! சீக்கிரம் கதவைத் திற. பிடி இவனை, என் மேலயே சாயுறான்..."

"நேத்து டார்லீன் என்கிட்ட சொன்னது இவ்வளவுதான்" என்பான் டெல்பர்ட். எத்தனை வருடம் ஆனாலும் அவனுக்கு அது நேற்றுதான். கதவைத் திறந்தார்களா என்று யாராவது கேட்டால், அவன் கை மெல்லச் சட்டைத் தையலுக்குள் போகும். எதையோ தேடி எடுக்கும். பிறகு இரண்டு கட்டைவிரல் நகங்களும் ஒன்றுசேரும்.

டிக்.