இருநூறு தோட்டா, ஒருமுறையும் நிற்கவில்லை

நகப்பூச்சில் இத்தனை சிவப்பு உண்டு என்று அறுபத்தொரு வயதுவரை எனக்குத் தெரியாது. சூப்பர் மார்க்கெட்டில் அந்த அலமாரிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றேன். கல்லாவில் இருந்த பெண், பேத்திக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்குப் பேத்தி கிடையாது. பேத்தியின் பெயரையும் கேட்டாள். மொன்டானாவில் பனி விழ ஆரம்பித்தால் இந்த ஊர்க்காரர்களுக்கு அடுத்தவர் கதையைக் கிண்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

உங்கள் அறிக்கையைப் படித்தேன், லண்ட். துப்பாக்கியில் கட்டியிருந்த சோதனைச் சீட்டில் என் பெயர் இருந்ததால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தீர்கள். இரண்டாம் பக்கத்தில், 'துப்பாக்கியைப் பழுது பார்த்ததில் குறை இருந்திருக்கலாம்' என்று ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். முப்பத்து நான்கு வருடமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். எழுதுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நீங்கள் ஷெரீஃப் ஆபீசில் இருந்தாலும் உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால் சொல்கிறேன். கார்பைன் என்பது கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடுகிற குட்டை ரைஃபிள். தோட்டாக்களை மேகசினில் அடுக்கிக் கீழிருந்து செருக வேண்டும். ஒன்று சுட்டதும் அடுத்தது தானே மேலேறிக் குழாய்க்குள் போகும். போகாமல் மூக்கு முட்டி நின்றால் என்னிடம் கொண்டுவருவார்கள். நேரே வரமாட்டார்கள். நாலு வீடியோ பார்த்து, ஸ்பிரிங்கை மாற்றி, தோட்டா ஏறும் சரிவைக் கண்ணாடிபோலத் தேய்த்துக் கெடுத்தபிறகுதான் வருவார்கள். மேகசினை ஒருவனும் சந்தேகப்படமாட்டான். அது வெறும் தகரப்பெட்டி அல்லவா. துப்பாக்கியைத்தான் குடைவான்.

கோரின் பெக்ஸ்லியை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது சரியல்ல. அவளைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்போகேனிலிருந்து வந்தாள். தபால் ஆபீசுக்கு எதிரே தையல் மெஷின் பழுது பார்த்தாள். சனிக்கிழமைகளில் எங்கள் துப்பாக்கி கிளப்புக்கு ஓட்ஸ் பிஸ்கட் சுட்டுக் கொண்டுவருவாள்.

போன அக்டோபரில் கிளப் ஆள் ஆர்லோவின் கார்பைன் மூன்று வாரம் என் மேஜையில் கிடந்தது. சனிக்கிழமை கிளப்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது தோட்டாவில் நின்றது. கோரின் அந்த மேகசினை வாங்கி, மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கினாள். "இதோட உதடு விரிஞ்சிருக்கு. தோட்டா சீக்கிரமே நழுவி நிமிருது. துப்பாக்கியில ஒண்ணுமில்ல" என்றாள். பையிலிருந்து தையல் மெஷின் இடுக்கியை எடுத்து மேகசின் வாயின் இரண்டு விளிம்பையும் மெல்ல அமுக்கிக் கொடுத்தாள். முப்பது தோட்டா தடையில்லாமல் ஓடியது.

"யோவ் வெண்டல், மூணு வாரமா எதையா தேய்ச்ச? என் பொண்டாட்டியோட கேக் தட்டும் கறை பிடிச்சுக் கெடக்கு, கொண்டாரவா?" என்றான் ஆர்லோ.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. பதினொரு பேர் இருந்தார்கள். ஆர்லோ மூன்றாவது மேஜைக்கு அருகில் நின்றான். அவன் மச்சான் காபிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தான். அதற்கப்புறம் நான் எந்தத் துப்பாக்கியைத் தொட்டாலும், தையல்காரியைக் கூப்பிடட்டுமா என்று எவனாவது கேட்பான்.

கோரின் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை கடைக்கு வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க வெண்டல். ஏதோ தற்செயலா என் கண்ணுல பட்டுது" என்றாள். பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனாள். அதை நாய்க்குப் போட்டேன்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. மேகசின்களின் அடியில் எண் எழுதி வைப்போம். இரண்டு தடவை நின்ற மேகசினை வீட்டுக் காவலுக்கு வைக்கக்கூடாது. மற்றவர்கள் வெள்ளைப் பெயின்டில் எழுதுவார்கள். கோரின் பவழ நிற நகப்பூச்சில் எழுதியிருந்தாள். இன்னொன்று, நான் பழுது பார்த்த துப்பாக்கியில் எத்தனை சுட்டேன், எத்தனை முறை நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கட்டுவேன். என் சீட்டு தொங்கினால் இந்த மாவட்டத்தில் யாரும் மறுபடி சோதித்துப் பார்ப்பதில்லை.

பிப்ரவரியில் அவள் வந்தாள். தோளில் அறுவை சிகிச்சை முடிந்து வலது கையைக் கழுத்தில் மாட்டிய துணிக் கட்டில் தொங்கவிட்டிருந்தாள். கார்பைனையும் இரண்டு மேகசின்களையும் மேஜைமேல் வைத்தாள்.

"ஒண்ணாம் நம்பர் நல்லது. ரெண்டாவது நின்னு நின்னு போகுது, நானும் அமுக்கிப் பாத்துட்டேன், உலோகமே தளந்துபோச்சு. அதைத் தூக்கிப் போட்டுடுங்க. மார்ச்ல டேரல் ஜெயில்லேருந்து வர்றான். என்னால இன்னும் ஆறு வாரத்துக்குச் சுட்டுப் பாக்க முடியாது, நீங்க பாத்துச் சீட்டு கட்டிக் குடுங்க."

டேரல் அவளுடைய பழைய கணவன். அவன் எதற்கு உள்ளே போனான் என்பது ஊருக்கே தெரியும். வேறு யாரிடமாவது கொடுக்கலாமே என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"வேற யார் சீட்டையும் நம்பி என்னால தூங்க முடியாது" என்றாள்.

கவனியுங்கள். அக்டோபரில் பதினொரு பேர் முன்னால் தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நின்றவள், பிப்ரவரியில் என் கையெழுத்தை நம்பித் தூங்கப் போகிறாள். உதட்டின் விரிவை விரல் நுனியில் கண்டுபிடிப்பவள் துப்பாக்கியைத் திரும்ப வாங்கும்போது ஒருமுறை அமுக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். கதவோரம் நின்று நன்றி சொன்னாள், அவ்வளவுதான். ஒரு கையால் தோட்டா அடுக்க முடியாது என்பதால் நானே அடுக்கிக் கொடுத்தேன். புதிதாக இன்னொரு மேகசின் வரவழைக்கிறேன் என்றும் சொன்னேன்.

மார்ச்சில் அந்த வியாழக்கிழமை நடந்ததை நீங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பிற்பகல் மூன்று மணி. டேரல் கூரை ஆணி அடிக்கிற சுத்தியலோடு வந்தான். கோரின் ஒருமுறை சுட்டாள், கதவுச் சட்டத்தில் பட்டது. அதன்பின் துப்பாக்கி நின்றது. சமையலறைத் தரையில் சுடாத தோட்டா இரண்டு. மூன்றாவது துப்பாக்கிக்குள் மூக்கை நிமிர்த்திக்கொண்டு சிக்கியிருந்தது. இதற்கு நீங்கள் 'பதற்றத்தில் தவறாகக் கையாண்டிருக்கிறார்' என்று எழுதினீர்கள். அதுவும் தப்பு. சிக்கியதை வெளியே தள்ள வேண்டும், அடியில் தட்ட வேண்டும், பிடியை இழுத்துவிட வேண்டும். அவள் இரண்டு தடவை அப்படித்தான் செய்திருக்கிறாள். மூன்றாவது தடவைக்கு அவன் அவளை உயிரோடு விடவில்லை. அவள் அதைச் செய்ததும் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு, தைத்த தோளை வைத்துக்கொண்டு. நான் நடத்தும் துப்பாக்கி வகுப்பில் படித்த ஆண்களில் ஒருவனுக்கும் அது வராது. நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே அவள்மேல் குறையில்லை. துப்பாக்கியிலும் குறையில்லை.

உங்கள் சாட்சிப் பொருள் அறையில் இருக்கிற மேகசினின் அடியைப் பாருங்கள். பவழ நிறத்தில் ஒன்று என்று எழுதியிருக்கும். நகத்தால் சுரண்டினால் அதற்கடியில் இரண்டு என்பதன் வால் தெரியும். பூச்சு அழிக்கும் திரவத்தில் துடைத்தும் அந்த வால் முழுதாகப் போகவில்லை. நிறம் மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. கால் மணி நேரம் நின்று தேர்ந்தெடுத்தது. அவள் தூக்கிப் போடச் சொன்னதைத்தான் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

இதோ, இது உண்மையான ஒன்றாம் நம்பர். இத்தனை நாள் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. இதை அந்தக் கார்பைனில் செருகி நீங்களே சுட்டுப் பாருங்கள். இருநூறு தோட்டா சுட்டேன், ஒருமுறையும் நிற்கவில்லை என்று சீட்டில் எழுதினேன். சுட்டது இதில்தான். நான் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பொய்ச் சீட்டு கட்டுகிறவன் நான் அல்ல.

இரண்டாம் பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். பத்து மணிக்குக் கடை திறக்க வேண்டும். ஆர்லோவின் கார்பைன் மறுபடியும் நிற்கிறதாம். இந்தத் தடவை மேகசினையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.