மூன்று அங்குலக் கட்டு

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியபடி சரி. வயது எழுபத்து மூன்று. கணவர் காலமாகிவிட்டார், கீழ்வீட்டில் தனியாக இருக்கிறேன். மாடி வீட்டுக்காரி தன் மகளை அடித்துக் காலை ஒடித்தாள் என்று நான் புகார் கொடுத்ததாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படி எவரிடமும் சொல்லவில்லை.

தாய் சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். பதினோரு வயது மகள், பள்ளி விட்டதிலிருந்து தாய் வரும்வரை என் பொறுப்பு. என்னை ‘ஹெட்மாஸ்டர்’ என்பாள். நான் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்ததில்லை. கடந்த திங்கள் மாலை நாலரை மணிக்கு, நான் பலமுறை கண்டித்திருந்தும், மாடிப்படியின் கடைசி மூன்று படிகளை ஒரே தாவலில் தாண்டினாள். வலது பாதம் கால்மிதியில் சிக்கிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பியது. அதன் பிறகு கணுக்கால் வீங்கியது. கான்வென்ட்டில் முதலுதவிக்கு முதல் பரிசு வாங்கியவள் என்பதால், சுளுக்கு என்று நானே முடிவு செய்து இறுக்கிக் கட்டினேன். தெருவுக்குக் கேட்ட அலறல் அப்போது எழுந்தது. தாய் அந்நேரம் கடையில் இருந்தாள்.

இரவு எட்டு மணிக்கு வந்த தாய், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமாம்மா?" என்றாள். "நான் கட்டின கட்டு மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்றேன். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் அதையே சொன்னேன். புதன் காலை கால்விரல்கள் வீங்கியிருக்கக் கண்டு, என்னைக் கேட்காமலே மகளை முதுகில் சுமந்துகொண்டு போனாள்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன என்னிடம் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். கணுக்காலுக்குச் சற்று மேலே, கணைக்கால் எலும்பின் கீழ்முனையில், வளரும் பிள்ளைகளுக்குக் குருத்தெலும்புத் தகடு ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். மூட்டைப் பிடித்திருக்கும் தசைநாரைவிட அது பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகும் திருகலில் பிள்ளைகளுக்கு அந்தத் தகடு முறியும் என்றார். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

காலில் இருந்த நீலத் தடங்களையும் இரண்டு நாள் தாமதத்தையும் வைத்து, தாய் அடித்திருப்பாள் என்ற சந்தேகத்தில், அவள் மகளைப் பார்க்கக் கூடாது என்று குழந்தைகள் நலக் குழுவிலிருந்து உத்தரவாகியிருக்கிறது. தாமதம் என்னால் ஆனது. தடங்கள் என் கட்டினுடையவை. அந்தத் துணியை இத்துடன் ஒப்படைக்கிறேன்; அகலம் மூன்று அங்குலம்; அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று வார்டில் சிறுமி, "வலிக்கவே இல்லைன்னு அம்மாகிட்ட சொல்லுங்க, ஹெட்மாஸ்டர்" என்றாள். பொய் சொல்ல மாட்டேன் என்றேன். "அப்ப இன்னைக்கு அழலைன்னு சொல்லுங்க" என்றாள். தாய் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே நின்றிருந்தாள். அவளிடம் போய் அதைச் சொன்னேன்.

மேலே உள்ளதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதும் நடந்ததும் இதுவே. தாய் எந்தத் தேதியிலிருந்து மகளைப் பார்க்கலாம் என்பதை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)