பலகையில் வழிந்த தேநீர்

அவைக்குத் தலைமை தாங்கும் வெண்தாடிப் பெரியவர் சத்தார் ஐயா அவர்களே, நம் பாத்கென் ஊர் வெயிலையே ஆப்ரிகாட் பழத்துக்குள் பூட்டி வைத்துவிட்டு, விரலில் பிசின் போகாமல் வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் முகம் சிவந்திருக்கும் இயக்குநர் எர்மெக் தம்பி அவர்களே! வெயிலையும் தந்து, அதைக் குறைசொல்ல வாயையும் தந்த இறைவனை வணங்கித் தொடங்குகிறேன்.

நம் பழத்தை வாங்கும் நிறுவனத்துக்குக் கொள்கை வேண்டும் என்றார் தம்பி. நேர்மை, நேர்த்தி, நம்பிக்கை, நல்லுறவு, விருந்தோம்பல் என ஐந்தைப் பொன்னெழுத்தில் பொறித்து வாசலில் மாட்டினார். மேலே ஒரு படம்: விளிம்பு வழிய வழியத் தேநீர்க் கிண்ணம்!

யாரம்மா அங்கே சிரிப்பது? கனிஷாயா? சிரி, உன் கதைதான்.

விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றினால் ‘இன்னும் இரு’ என்று பொருள். நிறைய ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருள். நம் தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்தது, மாஸ்கோவில் வளர்ந்த தம்பிக்குத் தெரியவில்லை. முதல் கூடையோடு வந்த கனிஷாய், படத்தைப் பார்த்தாள், என்னிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

“துர்சுன் அக்கா, வாசல்லயே ‘போ’ன்னு எழுதி வச்சிருக்காங்க. உள்ள போய் என்னத்தப் பேச?”

அவளோடு சேர்ந்து நாற்பது வண்டிகள் திரும்பின. எண்ணியவள் நான், நாற்பதுதான். பழமோ இரண்டு நாள் தாங்காது. பழம் போனால் நிறுவனம் போகும்; நிறுவனம் போனால் நம் அடுப்பு?

அன்று மாலை தம்பி என் வீட்டுக்கு ஓடிவந்தார். என்ன தவறு என்று கேட்டார். நான் தேநீர்க் கெண்டியை எடுத்தேன். கிண்ணம் வழிய ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார்.

“குடிச்சாச்சா? கிளம்புங்க தம்பி.”

விழித்தார். விளங்கியது. காதுவரை சிவந்தார். இதோ, இப்போது போலவே!

“படத்த மாத்திடறேன்க்கா.”

“படத்த மாத்தினா ஆச்சா? எடை போடற வரைக்கும் உச்சி வெயில்ல நிக்கறோமே, பாதிக் கிண்ணமாவது யாராச்சும் குடுத்தீங்களா?”

கேட்கிறேன் பெரியோர்களே, பலகையில் வழிகிற தேநீர் தொண்டைக்கு இறங்குமா? பொன்னெழுத்து நிழல் தருமா? செய்யாத கொள்கையைச் சுவரில் எழுதலாம், மனத்தில் எழுத முடியுமா?

மறுநாள் விடியலில் வாசலில் பந்தல். பந்தலடியில் பாய். கெண்டியோடு நின்றவர் யார்? இயக்குநரே! வரிசையில் ஒவ்வொருத்திக்கும் பாதிக் கிண்ணம் ஊற்றி, குறை கேட்டு, மறுபடி பாதி ஊற்றினார். ஏழு கிண்ணம் குடித்தவள் நான்; ஏழு குறை சொன்னேன். கனிஷாய் ஒன்பது. மதியத்துக்குள் நாற்பது வண்டியும் உள்ளே.

இன்று திறக்கும் புதுப் பலகையில் ஐந்து சொல் இல்லை. ஒரே வரி: ‘காத்திருப்பவருக்கு நிழலும் தேநீரும்.’ தம்பி கெண்டியை மறக்கும் நாளில் பலகையை இறக்கும் உரிமை நமக்கு. அவரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். ஏணி என் வீட்டில் இருக்கிறது, தாய்மார்களே!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இறைவனின் அமைதி உங்கள் மேல் பொழியட்டும். பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. எர்மெக் தம்பி, பாதிக் கிண்ணம் போதும்.